சுவர் காய்ந்த செய்தி

கும்மிடிப்பூண்டி
2.9.2024

வைகுந்தின் அப்பாவுக்கு,

பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இந்தக் கடிதம். நீங்கள் மூன்று தடவை போன் செய்தீர்கள், நான் எடுக்கவில்லை. இனிமேலும் எடுப்பதாக இல்லை.

மூச்சு விடமுடியாமல் ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தேன். அதில் ஒரே ஒரு நாள் வந்தீர்கள். அரை மணி இருந்தீர்கள், அதையும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழித்தீர்கள். கோயில் மடைப்பள்ளியில் உங்கள் முறை, பெருமாளைப் பட்டினி போடமுடியாது என்றீர்கள். பெருமாளுக்குத் தளிகை பண்ண உங்கள் சித்தப்பா பிள்ளைகள் நாலு பேர் இருக்கிறார்கள். எனக்கு நீங்கள் ஒருவர்தான்.

வைகுந்த் என்னைத் தன் வாடகை வீட்டுக்கு அழைத்துவந்து இருபது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அவன் கம்பெனி அவனை ஆறு மாதத்துக்குப் புனேவுக்கு அனுப்பிவிட்டது. "அம்மா, பேசாம திருவள்ளூருக்குப் போயிடு. தனியா இங்க என்ன பண்ணுவே?" என்றான். மாட்டேன் என்றேன். குழந்தை பாவம், இரண்டு பக்கமும் போனில் கேட்டுக்கொண்டு திண்டாடுகிறான்.

எனக்குப் புடவை வேண்டாம், சமாதானம் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். "நடுஅறைச் சுவரில் பூத்த பூஞ்சைதான் உனக்கு மூச்சிரைப்பைக் கொடுத்தது. நீ ஒன்பது வருஷமாகச் சொன்னாய், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை." இதை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். கடிதம் கிடைத்த மறுநாளே பஸ் ஏறுகிறேன்.

கோதைநாயகி


திருவள்ளூர்
10.9.2024

கோதைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே க்ஷேமம். நீ க்ஷேமமா என்று கேட்கவேண்டும், கேட்டால் அதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருப்பாய்.

ஆஸ்பத்திரி விஷயம். மடைப்பள்ளிக்குப் போக ஆரம்பித்து முப்பத்தொரு வருஷத்தில் ஒரு முறையும் விட்டவன் இல்லை நான். இது உனக்குத் தெரியாததல்ல. டாக்டர்கள் இருந்தார்கள், பையன் இருந்தான். நான் அங்கே நின்று என்ன பண்ணப்போகிறேன்?

நிற்க. சுவர் விஷயம். அது பக்கத்து வீட்டு அருணாச்சலத்தின் தண்ணீர்த் தொட்டியால் வந்த வினை. நம் சுவரை ஒட்டித் தொட்டி கட்டாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன், கேட்டானா? அன்றோடு அவர்கள் முகத்தில் விழிப்பதில்லை. அவன் விடுகிற ஈரத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு? வருஷா வருஷம் தை பிறப்பதற்குள் சுண்ணாம்பு அடிக்கத்தான் செய்கிறேன். மேலும் உன் அம்மாவுக்கும் மூச்சிரைப்பு இருந்தது. அதையும் சுவரையும் முடிச்சுப் போடாதே. இல்லாததை எழுதிக் கொடு என்றால் எப்படி எழுதுவது?

நிற்க. மடி வஸ்திரம் நனைத்துப்போட ஆள் இல்லை. கோயில் கிணற்றடியிலேயே நானே நனைத்து, மடைப்பள்ளிக்குப் பின்புறம் வெயிலில் உலர்த்திக்கொள்கிறேன். முதுகு விட்டுப்போகிறது. அகத்தில் சாதமும் மோரும்தான். சாத்தமுது வைத்துப் பார்த்தேன், வெறும் புளித்தண்ணீர், வாயில் வைக்கமுடியவில்லை.

மார்கழிக்குள் வந்துவிடு. மற்றதை நேரில் பேசலாம்.

எம்பார்


கும்மிடிப்பூண்டி
23.9.2024

வைகுந்தின் அப்பாவுக்கு,

முதுகு விட்டுப்போகிறதா? உங்களுக்குக் கோடி புண்ணியம். முப்பத்துநாலு வருஷம் விட்டுப்போனது என் முதுகு. அது உங்களுக்குத் தெரிய மூன்று வாரம் தேவைப்பட்டிருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்று எழுதுகிறேன், படியுங்கள். விடிவதற்குள் குளித்து, ஈரப்புடவையோடு உங்கள் பஞ்சகச்சம் இரண்டு, உத்தரீயம் இரண்டு, என் ஒன்பது கஜப் புடவை, எல்லாவற்றையும் நனைத்து, கோலால் தூக்கி நடுஅறை மூங்கில் கொடியில் போடவேண்டும். வாசலில் போட்டால் போகிறவர் வருகிறவர் பட்டு மடி கெட்டுவிடும். கொல்லையில் போட்டால் காக்கை. எனவே அந்த அறைதான், அதுவும் கதவைச் சாத்திவிட்டு. அருணாச்சலம் வீட்டுப் பக்கம் இருந்த ஒரே ஜன்னலுக்கும் சண்டை போட்ட அன்றைக்கே ஆணி அடித்துவிட்டீர்கள். நீங்கள் கூடத்தில் காற்றாடப் படுத்தீர்கள். நான் அந்த அறையில் ஈரத்துணிக்குக் கீழே படுத்தேன்.

அந்தச் சுவர் முதலில் சாம்பல் பூத்தது. அப்புறம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. துடைப்பத்தால் தேய்த்தால் பொடி பறக்கும், அன்றைக்குப் பூரா இருமல். பீரோவில் இருந்த என் கல்யாணப் புடவையில் பச்சையாகப் பூஞ்சை படிந்து, மடிப்பு மடிப்பாக இற்றுப்போனது. "பழைய புடவைதானே" என்றீர்கள். என் நெஞ்சிலும் அதே பூஞ்சைதான் ஏறுகிறது என்றேன். "எல்லாம் உன் மனப்பிராந்தி" என்றீர்கள்.

அருணாச்சலத்தின் சம்சாரம் அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கீரை ஆய்ந்துகொண்டே பேசுவாள். எனக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை. ஒன்பது வருஷமாக அதுவும் இல்லை. அது உங்களுக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

இங்கே இதே கட்டிடத்தில் எதிர்வீட்டில் செண்பகம் என்று ஒருத்தி, கம்பெனி கேன்டீனில் வேலை. "இன்னா மாமி, எந்நேரமும் ஜன்னல சாத்திக்கினு கீற? உள்ள இன்னா பொதையலா வெச்சிக்கினு கீற?" என்று கேட்கிறாள். நான் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். இங்கேயும் நான் மடியை விடவில்லை. யாருக்காக என்று கேட்காதீர்கள், கை பாட்டுக்குச் செய்கிறது. தொழிற்சாலைக் கரி வந்து படியுமே என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, படுக்கிற அறையிலேயே கயிறு கட்டி உலர்த்துகிறேன்.

நான் கேட்டதை நீங்கள் எழுதவில்லை. நானும் வருவதாக இல்லை.

கோதைநாயகி


திருவள்ளூர்
21.10.2024

கோதைக்கு,

ஒரு நல்ல செய்தி. நடுஅறைச் சுவர் காய்ந்துவிட்டது.

நானே நம்பவில்லை. நேற்றுப் பீரோவில் பஞ்சாங்கம் தேடப் போனபோதுதான் கவனித்தேன். கறுப்பெல்லாம் வெளிறிப் பொடியாய் நிற்கிறது, துடைத்தால் போய்விட்டது. கையை வைத்துப் பார்த்தேன், மண்பானையின் வெளிப்புறம் மாதிரி வறவறவென்று இருக்கிறது. இத்தனைக்கும் இங்கே நாலு நாளாக ஐப்பசி மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. அந்த வாடையும் இல்லை.

அருணாச்சலம் பயந்துபோய்த் தொட்டியைச் சத்தமில்லாமல் ரிப்பேர் பார்த்திருக்கிறான், வேறென்ன? முனிசிபாலிட்டியில் புகார் கொடுப்பேன் என்று நான் போன வருஷம் தெருவில் நாலு பேர் கேட்கச் சொன்னது வேலை செய்துவிட்டது. நான் சொன்னது சரியாயிற்றா இல்லையா?

ஆக, நீ எதற்காகப் போனாயோ அந்தக் காரணமே இப்போது இல்லை. எழுதிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. நீ வந்து காய்ந்த சுவரைப் பார்.

நிற்க. தீபாவளிக்கு நீ இல்லாமல் எப்படி என்று தெரியவில்லை. பையனும் லீவு இல்லை என்கிறான். எண்ணெய் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசிக்கிறேன். தனி ஆளுக்கு எதற்கு என்றும் தோன்றுகிறது.

எம்பார்


கும்மிடிப்பூண்டி
4.11.2024

வைகுந்தின் அப்பாவுக்கு,

உங்கள் நல்ல செய்தியைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க நான் தளிகை பண்ணவில்லை.

நான் கிளம்பிய பிறகு சுவர் காய்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது உங்களுக்கு ஒன்றுமே உறைக்கவில்லையா? ஒன்பது வருஷம் நான் தேய்த்தேன், ஆசிட் ஊற்றினேன், வேப்பிலைப் புகை போட்டேன், அழுதேன். அப்போதெல்லாம் காயாத சுவர் நான் வாசற்படி தாண்டியதும் காய்ந்துவிட்டதாம். அதை எனக்கு மங்களச் செய்தி மாதிரி அனுப்பியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? இங்கேயும் வந்துவிட்டது. போன வாரம் கட்டிலை நகர்த்தியபோது பார்த்தேன். கட்டிலுக்குப் பின்னால், என் தலைக்கு நேராக, அதே சாம்பல், அதே கறுப்புப் புள்ளி. ஏழு வருஷம்கூட ஆகாத சிமெண்ட் வீடு. ஒரு வாரமாக மூச்சிரைக்கிறது. தீபாவளி அன்று விடிகாலையில் தெருவே வெடித்துக்கொண்டிருந்தது, நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இன்ஹேலரை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செண்பகம் அதிரசம் கொண்டுவந்து கதவைத் தட்டினாள். மடி என்று சொல்லி வாங்கவில்லை. அவள் முகம் சுண்டிப்போனது. அப்புறம் தட்டவில்லை.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், பையனிடம் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் இல்லாத வீடு காய்கிறது, நான் இருக்கிற வீடு ஊறுகிறது. ஈரம் சுவரில் இல்லை, என்னிடம்தான் இருக்கிறதோ என்று தோன்றுகிறது. உட்கார்ந்து யோசித்தால் அப்படித்தான் தோன்றுகிறது, வேறு யாரோடு பேசித் தெளிவது?

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். கொத்தனாரை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

கோதைநாயகி


கும்மிடிப்பூண்டி
14.11.2024

வைகுந்தின் அப்பாவுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொத்தனார் வந்தார். எபினேசர் என்று பெயர், கவரைப்பேட்டைக்காரர், ஐம்பது வயசு இருக்கும். சுவரைத் தட்டிப் பார்த்தார், மாடி பாத்ரூமைப் பார்த்தார், வெளிப்பக்கம் சுற்றிவந்தார். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கண்ணாடிக் காகிதம் எடுத்து, கறுப்பு இருக்கிற இடத்தில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். "ரெண்டு நாளு இத தொடாத மாமி. எப்பவும் போல இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இது என்ன வைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து வந்தார். காகிதத்தின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம், முத்து முத்தாய்த் தண்ணீர் கோத்திருந்தது. பிரித்துக் காட்டினார், உள்பக்கம், சுவரைத் தொட்ட பக்கம், காய்ந்து கிடந்தது.

"பாத்தியா மாமி? சொவுத்துல இருந்து தண்ணி வந்தா உள்பக்கம் வேர்க்கணும். இது வெளிய வேர்க்குது. சொவுரு மேல தப்பே இல்ல. தண்ணி ஊட்டுக் காத்துல கீது. உள்ள இன்னா பண்ற நீ?"

நான் ஒன்றும் பண்ணவில்லை என்றேன். அவர் தலையைத் தூக்கிக் கயிற்றைப் பார்த்தார். அன்றைக்குப் போட்ட ஒன்பது கஜம் சொட்டிக்கொண்டு சுவரை ஒட்டித் தொங்கியது. ஜன்னல் சாத்தியிருந்தது.

"தெனமும் இங்கியா காயப்போடுற?"

ஆமாம் என்றேன்.

"அந்தத் தண்ணியெல்லாம் எங்க போவும்னு நெனச்ச? துணி காயுதுன்னா தண்ணி எங்கியாவது போவணுமில்ல. கதவு ஜன்னலு எல்லாத்தியும் மூடி வெச்சா சொவுரு குடிக்கும், மிச்சத்த நீ குடிப்ப. இதுக்குக் கூலி வாணாம் மாமி. கயித்த அவுத்து மாடில கட்டு, ஜன்னலத் தொற. அவ்ளோதான் வேல."

அவர் போன பிறகு அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்திருந்தேன். நம் நடுஅறையில் தினம் ஐந்து துணி. அதுவும் ஒன்பது வருஷமாக ஆணி அடித்த ஜன்னலுக்குள். இப்போது உங்கள் வேஷ்டி கோயிலில் உலர்கிறது, என் புடவை இங்கே உலர்கிறது, அங்கே சுவர் காய்ந்துவிட்டது. இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். முதல் கடிதத்தில் கேட்டதையே இப்போதும் கேட்கிறேன்.

கோதைநாயகி


திருவள்ளூர்
28.11.2024

கோதைக்கு,

கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுதாததற்குக் காரணம் இருக்கிறது.

அந்தக் கொத்தனார் சொன்னதை நான் ஏற்கவில்லை. சாஸ்திரம் சொன்னபடி உலர்த்தின வஸ்திரம் சுவரைக் கெடுக்குமா என்று கோபம்தான் வந்தது. பொய் என்று காட்டிவிடுவோம் என்று நினைத்தேன். நம் நடுஅறைக் கொடியிலேயே பழையபடி ஐந்து துணி போட்டேன், கதவைச் சாத்தினேன், அங்கேயே படுத்தேன். அந்த அறையில் நான் படுத்தது இதுதான் முதல் தடவை. ஏழு நாள் அப்படிச் செய்தேன்.

நாலாம் நாளே வாடை வந்துவிட்டது. ஏழாம் நாள் விடிந்ததும் சுவரில் உள்ளங்கையை வைத்தேன், கை நனைந்தது. எனக்கு இருமல் வந்தது. ஏழு நாளில் எனக்கு வந்ததென்றால் ஒன்பது வருஷம் நீ எப்படித் தாங்கினாய் என்று நினைத்தபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மனசு கேட்காமல் எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அருணாச்சலம் வந்து திறந்தான். அவனுக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. தொட்டியைப் பார்க்கவேண்டும் என்றேன்.

"எந்தத் தொட்டி சாமி? அத ஒடச்சி ஆறு வருஷம் ஆவுதே! நீங்கோ பேஜாரு பண்றீங்கோன்னுதான் ஒடச்சேன். சொல்லலாம்னா மூஞ்சக் குடுத்துப் பேசமாட்டேன்ட்டீங்கோ." அந்த இடத்தைக் காட்டினான். முருங்கை நட்டு அது கூரைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. ஆறு வருஷமாக இல்லாத தொட்டியோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். அவன் சம்சாரம் உள்ளேயிருந்து வந்து, "மாமி எப்டி கீறாங்கோ?" என்று கேட்டாள். உடம்பு சரியில்லை என்று சொன்னேன். என்ன உடம்பு என்று கேட்டாள். வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ கேட்டதை எழுதுகிறேன். நடுஅறைச் சுவரில் பூத்த பூஞ்சைதான் உனக்கு மூச்சிரைப்பைக் கொடுத்தது. நீ ஒன்பது வருஷமாகச் சொன்னாய், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதுவரை நீ சொன்ன வார்த்தை. இனி என் வார்த்தை: அந்தப் பூஞ்சையை வளர்த்தவன் நான். அங்கேதான் உலர்த்தவேண்டும் என்றவன் நான், ஜன்னலுக்கு ஆணி அடித்தவன் நான். ஈரம் உன்னிடம் இருக்கிறதோ என்று முந்தின கடிதத்தில் எழுதியிருந்தாய். அதைப் படித்த இடத்திலேயே என் கண் நின்றுவிடுகிறது. அது என் வேஷ்டியின் ஈரம், கோதை. உன்னுடையது இல்லை.

ஆணியை எல்லாம் பிடுங்கிவிட்டேன். கொடியையும் இறக்கியாயிற்று. மடி வஸ்திரம் இனிமேல் என் பொறுப்பு. மார்கழி பிறக்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. வா.

எம்பார்


கும்மிடிப்பூண்டி
7.12.2024

வைகுந்தின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. ஏழு நாள் அந்த அறையில் படுத்தீர்கள் என்பதைப் படித்து, "இருமல் வந்தால் சுக்கு போட்டுக் குடித்தாரோ இல்லையோ" என்றுதான் முதலில் நினைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

எழுதினால் மறுநாளே பஸ் ஏறுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நீங்கள் நான் கேட்டதற்கு மேலேயே எழுதிவிட்டீர்கள். பையைக்கூட எடுத்துவைத்தேன். ஆனால் ஏறவில்லை. சொன்ன வார்த்தையை மீறுகிறேன், நீங்கள் திட்டினாலும் சரி.

என்ன ஆயிற்று என்றால், கயிற்றை அவிழ்த்து மாடியில் கட்டினேன். முதல் நாள் என் ஒன்பது கஜத்தை அங்கே விரித்துப் போட்டேன். ஒரு பக்கம் செண்பகத்தின் கேன்டீன் யூனிபாரம், மறுபக்கம் யாரோ பையனின் நீலக் கம்பெனிச் சட்டை. காற்று அடித்தால் எல்லாம் ஒன்றோடொன்று உரசியது. மடி போயிற்று என்று நின்றேன். அப்புறம் யாருக்கு மடி, நான் எந்த மடைப்பள்ளிக்குப் போகிறேன் என்று தோன்றியது. செண்பகத்திடம் போய், அன்றைக்கு அதிரசம் வாங்காதது என் தப்பு என்றேன். "வுடு மாமி, அத அன்னிக்கே நாங்களே துன்னுட்டோம்" என்று சிரித்தாள். இப்போது ஜன்னல் திறந்தே இருக்கிறது. அவள் வேலைக்குப் போகும்போது ஒரு குரல், வரும்போது ஒரு குரல். சுவரில் கறுப்பு நின்றுவிட்டது. இன்ஹேலரைத் தொட்டு இருபது நாளாகிறது.

உங்கள் மேல் இப்போது கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கோபம் இருந்தவரை நாள் முழுக்க உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன், கோலம் போட்டேன். நீங்கள் கூடவேதான் இருந்தீர்கள். கடிதம் வந்ததும் அது போய்விட்டது. இப்போதுதான் நிஜமாகத் தனியாக இருக்கிறேன். சாயங்காலம் ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனாலும் கிளம்ப மனசு வரவில்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மூச்சை நினைக்காமல் மூச்சு விடுகிறேன். அந்த அறைக்குள் திரும்ப நுழைய வேண்டும் என்று நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. சுவர் காய்ந்தது தெரியும். நெஞ்சுக்கு அது தெரியவில்லை.

தை பிறக்கட்டும், பார்க்கிறேன். வருவேன் என்று எழுதவில்லை, வரமாட்டேன் என்றும் எழுதவில்லை. மார்கழிக் குளிர். தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு போங்கள்.

கோதைநாயகி


திருவள்ளூர்
23.12.2024

கோதைக்கு,

ஒன்றைச் சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். இருக்க முடியவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் கும்மிடிப்பூண்டி வந்திருந்தேன்.

நேற்று என் முறை. மார்கழி முறை. சித்தப்பா பிள்ளை ஒருவனிடம் கொடுத்துவிட்டேன். "அண்ணா, உனக்கு என்ன ஆச்சு?" என்று எல்லோரும் கேட்டார்கள். ஊத்துக்கோட்டையில் பஸ் மாறி, விலாசம் விசாரித்து, மூன்று மணிக்கு உன் தெருவுக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. மாடியைப் பார்த்தேன். உன் அரக்குப் புடவை யார் யார் துணிக்கோ நடுவில் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது. உன் புடவை வெயிலில் உலர்ந்து நான் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

எதிர்வீட்டு அம்மாள் வந்து, "யாரு வோணும் சாமி?" என்று கேட்டாள். விலாசம் தப்பு என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அவசரம் ஒன்றும் இல்லை, கோதை. ஆறு மணிக்கும் பஸ் இருந்தது. படியில் உட்கார்ந்து காத்திருக்கலாம். உட்கார்ந்தால் நீ வருவாய், வந்தால் நான் ஏதாவது பேசவேண்டும். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் அரை மணி உட்காரத் தெரியாதவன் நான். நேரம் கையில் இருந்த அன்றைக்கும் எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. திரும்பி நடந்துவிட்டேன்.

உனக்காகப் புளியோதரை கொண்டுவந்திருந்தேன். ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றபடி நானே சாப்பிட்டேன். வெளியே நின்று சாப்பிட்டது இதுதான் முதல் தடவை. உப்பு தூக்கல்.

நீ வரவேண்டும் என்று இதை எழுதவில்லை. வந்தேன் என்று சொல்ல எழுதுகிறேன்.

எம்பார்


கும்மிடிப்பூண்டி
27.12.2024

வைகுந்தின் அப்பாவுக்கு,

நீங்கள் வந்தது எனக்கு அன்றைக்கே தெரியும்.

கொத்தமல்லி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். நீங்கள் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, நான் வந்தேன். செண்பகம் வாசலிலேயே நின்றாள். "மாமி, நாமம் போட்ட சாமி ஒர்த்தரு வந்தாரு. மாடியவே பாத்துக்கினு நின்னாரு. அட்ரஸ் தப்புன்னு சொல்லிட்டுப் பூட்டாரு, ஆனா கண்ணு கலங்கிக்கினு இருந்துச்சி." எப்படி இருந்தார் என்று நான் கேட்கவே இல்லை. கொத்தமல்லிக் கட்டை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

ஆமாம், ஓடினேன். அறுபது வயசில், ஒன்பது கஜத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பெனி விட்டு வருகிற பையன்கள் ஒதுங்கி வழிவிட, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினேன். ஊத்துக்கோட்டை பஸ் ஜி.என்.டி. ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. பின் கண்ணாடியில் ஒரு குடுமி தெரிந்தது. கையைத் தூக்கினேன், கூப்பிட்டேன். பஸ் போய்விட்டது.

அங்கேயே நின்றேன். அப்போதுதான் கவனித்தேன். அவ்வளவு தூரம் ஓடியிருக்கிறேன், நெஞ்சில் ஒரு விசில் சத்தம் இல்லை. மூச்சு வாங்கியது, அப்புறம் அடங்கியது. எல்லோருக்கும் அடங்குகிற மாதிரி. எனக்கு வந்த சந்தோஷத்தை அந்த நிமிஷம் யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. உங்களைத் தவிர ஒருத்தர் முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. நீங்கள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தீர்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று வாய்விட்டு அழுதேன், பூக்காரி தண்ணீர் கொடுத்தாள்.

பேச ஒன்றும் வேண்டாம். நீங்கள் பேசி நான் என்றைக்குக் கேட்டேன்? இன்னொரு நாள் வாருங்கள். வீடு பூட்டியிருந்தால் படியில் உட்காருங்கள். யார் கேட்டாலும் விலாசம் சரிதான் என்று சொல்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் எழுந்திருக்காதீர்கள். நான் கடைக்குத்தான் போயிருப்பேன், வந்துவிடுவேன்.

கோதைநாயகி